பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் டெஸ்டுக்கு முன் டாக்டரிடம் சொல்லுங்கள்

சத்து மாத்திரை நிறுவனங்களின் தரத்தைப் பற்றி உங்கள் கட்டுரையில் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் மாத்திரை தரமாகவே இருந்தாலும் வரக்கூடிய ஒரு சிக்கல் அதில் விட்டுப்போயிருக்கிறது.

டைபாய்டு வந்துபோன பிறகு என் தங்கைக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. முடிக்கு நல்லது என்று ஆன்லைனில் பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) மாத்திரை வாங்கினாள். டப்பாவில் 10,000 மைக்ரோகிராம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஒரு நாளைக்கு நமக்குத் தேவை 30, 40 மைக்ரோகிராம்தான்; முட்டை, நிலக்கடலையில் எல்லாம் பயோட்டின் இருக்கிறது. இரண்டு மாதம் கழித்து தைராய்டு டெஸ்ட் எடுத்தால் தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் ஹார்மோன் அடிமட்டத்தில், தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோன் எகிறிக் கிடந்தது; அதாவது தைராய்டு மிதமிஞ்சிச் சுரக்கிறது என்று அர்த்தம். கவலையில் அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், நாடி பார்த்தார், கையை நீட்டச் சொன்னார். தைராய்டு அதிகமானால் வரும் நடுக்கம் இல்லை. அப்புறம்தான், “வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறியாம்மா?” என்று கேட்டார். பயோட்டினை ஒரு வாரம் நிறுத்திவிட்டு அதே லேபில் மறுபடி எடுத்தோம். எல்லாம் நார்மல்.

பல லேப் கருவிகள் அளவு பார்க்கவே பயோட்டினைப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தால் கணக்குத் தவறிவிடும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் டிரோபோனின் டெஸ்டும் இப்படிக் குறைத்துக் காட்டலாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-லேயே எச்சரித்திருக்கிறது. தங்கையின் டப்பாவில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ‘ரத்தப் பரிசோதனைக்கு முன் டாக்டரிடம் சொல்லவும்’ என்று தமிழில் அச்சடிக்க இந்த நிறுவனங்களுக்கு எவ்வளவு செலவாகிவிடும்?