வீட்டு முகவரியோடு முடிந்துவிடாத பள்ளித் தேர்வு

அமெரிக்காவில் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்கள் சமையலறையையும் கிழக்குப் பார்த்த வாசலையும் கவனிப்பதற்கு முன்பே ஒரு மதிப்பெண்ணைக் கவனிக்கின்றன. விற்பனைத் தளத்தில் வீட்டின் படத்துக்குக் கீழே, அந்த முகவரிக்குரிய பள்ளியின் பெயருக்குப் பக்கத்தில், பத்துக்கு இத்தனை என்று இருக்கும் எண் அது. ஒன்பதோ பத்தோ இருந்தால் வீட்டைப் பார்க்கப் போகிறோம். ஐந்தோ ஆறோ இருந்தால் அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடுகிறோம். பத்து ஆண்டுகளுக்கு முன் டாலஸ் நகருக்கு வடக்கே நானும் என் கணவரும் அப்படித்தான் செய்தோம். எங்கள் வருமானத்துக்குக் கனமான கடனை ஏற்று, ஒன்பது மதிப்பெண் பெற்ற ஒரு தொடக்கப் பள்ளியின் எல்லைக்குள் வீடு வாங்கினோம். மகளின் படிப்பைப் பற்றிய பெரிய முடிவு அன்றே எடுக்கப்பட்டுவிட்டது என்று நம்பினோம்.

மகள் ஐந்தாம் வகுப்பை முடிக்கவிருந்த ஆண்டின் மார்ச் மாதத்தில், வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் வாசலில் காத்திருந்தபோது, இன்னொரு தாய் தன் மகனுக்கு அறிவியல் மேக்னெட் நடுநிலைப் பள்ளியில், அதாவது அறிவியலைச் சிறப்பாக வைத்து எல்லை தாண்டியும் மாணவர்களை ஈர்க்கும் பொதுப் பள்ளியில், இடம் கிடைத்ததைச் சொன்னார். அது எங்கள் பள்ளி மாவட்டத்திலேயே (உள்ளூர்ப் பொதுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகப் பகுதி), எங்கள் வீட்டிலிருந்து கால் மணி நேரத் தொலைவில் இருக்கும் பள்ளி. கட்டணம் கிடையாது. அதற்கான விண்ணப்பம் ஜனவரியிலேயே முடிந்துவிட்டிருந்தது. மாவட்டத்திலிருந்து வந்த மின்னஞ்சலை நான் திறந்து பார்க்கவில்லை, பள்ளியிலும் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. பூச்சிகளைப் பெட்டியில் வளர்த்துக் குறிப்பெழுதிக் கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு ஏற்ற இடம் அவ்வளவு அருகில் இருந்தும் அது எனக்குத் தெரியாமல் போயிற்று. அந்த வருத்தமே இதை எழுதவைக்கிறது.

பெயரில் இருக்கும் குழப்பத்தை முதலில் விலக்கிவிடுகிறேன். நம் ஊரில் 'பப்ளிக் ஸ்கூல்' என்று பெயர்ப்பலகை வைத்திருப்பவை பெரும்பாலும் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகள். இங்கே பப்ளிக் ஸ்கூல் என்பது மக்கள் வரிப்பணத்தில் நடக்கும், பிள்ளைகளிடம் கல்விக் கட்டணம் வாங்காத பள்ளி. அப்படிப்பட்ட பள்ளிகளை நடத்தும் மாவட்டங்கள் நாடு முழுவதும் ஏறத்தாழ 13,000 இருக்கின்றன. பள்ளிகளுக்கான பணத்தில் மத்திய அரசின் பங்கு வழக்கமாகப் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும். மீதியை மாநிலமும் உள்ளூரும் சுமக்கின்றன, உள்ளூர்ப் பங்கின் பெரும்பகுதி வீட்டு வரியிலிருந்து வருகிறது. எனவே விலை கூடிய வீடுகள் நிறைந்த மாவட்டத்தால் சிரமமில்லாமல் கூடுதல் பணம் திரட்ட முடிகிறது. இந்த ஏற்றத்தாழ்வை எதிர்த்து சான் அன்டோனியோவின் எட்ஜ்வுட் பகுதிப் பெற்றோர் தொடுத்த வழக்கில், 1973-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு டெட்ராய்ட் வழக்கில், இன ஒதுக்கலைக் களைவதற்காகப் புறநகர் மாவட்டங்களையும் சேர்த்து மாணவர்களைக் கலப்பதற்கு அதே நீதிமன்றம் தடை போட்டது. மாவட்ட எல்லைக்கோடு இவ்வளவு அழுத்தமானதற்கும், வீட்டு விலைக்குள் பள்ளியின் விலையும் சேர்ந்ததற்கும் இந்த இரண்டு தீர்ப்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனாலும் அந்தக் கோட்டுக்கு உள்ளேயும் அதைக் கடந்தும் சில வழிகள் இருக்கின்றன. முதல் வழி, சொந்த மாவட்டத்துக்குள்ளேயே வேறொரு பள்ளிக்கு மாற்றல் கேட்பது. காலியிடம் இருந்தால் பல மாவட்டங்கள் கொடுக்கின்றன. இரண்டாவது, அடுத்த மாவட்டத்தின் பள்ளியில் சேர்வது. மினசோட்டா 1988-இலேயே இதற்குச் சட்டம் இயற்றியது; அங்கே அடுத்த கல்வியாண்டுக்கான விண்ணப்பத்துக்கு ஜனவரி 15 கெடு. நியூ ஜெர்சியில் வெளி மாணவர்களை ஏற்க முன்வந்த மாவட்டங்கள் மட்டும் தங்கள் இடங்களை அறிவிக்கின்றன. வேறு சில மாநிலங்களில் இரு மாவட்டங்களின் ஒப்புதலும் வேண்டும். எனவே கலிஃபோர்னியாவில் இருக்கும் உறவினர் சொன்ன நடைமுறை உங்கள் மாநிலத்துக்குப் பொருந்தும் என்று எண்ணிவிடாதீர்கள். தெரிந்தவர் வீட்டு முகவரியைக் கொடுத்துப் பிள்ளையைச் சேர்க்கும் குறுக்கு வழியை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஓஹையோவின் ஆக்ரன் நகரில், தன் தந்தையின் முகவரியைக் காட்டி இரு மகள்களை வேறு மாவட்டத்தில் படிக்கவைத்த ஒரு தாய் 2011-இல் சிறைக்கே போனார். அந்தத் தண்டனை கொடியது என்பது என் எண்ணம். ஆனால் சட்டம் அப்படித்தான் பாயக்கூடும்.

மேக்னெட் பள்ளிகளின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் அவற்றின் நோக்கம் விளங்கும். இனவாரியாகப் பிரிந்து கிடந்த பள்ளிகளைக் கட்டாயத்தால் கலக்காமல் ஈர்ப்பால் கலப்பதற்காக, 1960-களின் இறுதியிலும் 1970-களிலும் அவை தொடங்கப்பட்டன. அறிவியல், இசை, இருமொழிக் கல்வி என்று ஏதோ ஒரு சிறப்பை வைத்தால் பெற்றோர் தாமாகவே எல்லை தாண்டி வருவார்கள் என்பது எண்ணம். கனெக்டிகட்டில் 1996-ஆம் ஆண்டின் மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், ஹார்ட்ஃபர்ட் நகரப் பிள்ளைகளும் புறநகர்ப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் மேக்னெட் பள்ளிகள் பெருகின. அவற்றில் குலுக்கல் முறையில் இடம் கிடைக்கிறது. தேர்வெழுதி நுழையும் பள்ளிகள் தனி வகை. நியூயார்க்கில் எட்டுச் சிறப்பு உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஒரே நுழைவுத் தேர்வு. நியூ ஜெர்சியின் சில கவுன்ட்டி (மாநிலத்தின் உட்பிரிவு) அகாடமிகளுக்கும் நுழைவுத் தேர்வு உண்டு. நம்மவர்கள் இந்த இரண்டாம் வகையை மட்டும் அறிந்து, ஆறாம் வகுப்பிலிருந்தே பிள்ளையை அதற்கான பயிற்சி வகுப்புகளில் சேர்த்துவிடுகிறார்கள். குலுக்கலில் கிடைக்கும் மேக்னெட் பள்ளிக்கு எந்தப் பயிற்சியும் தேவையில்லை; கெடுவுக்குள் விண்ணப்பித்தால் போதும்.

சார்ட்டர் பள்ளிகளைப் பற்றித்தான் மிகுதியான தவறான எண்ணங்கள் உலவுகின்றன. அவை தனியார் பள்ளிகள் என்று ஒரு சாரார் ஒதுக்குகிறார்கள். அவை எப்போதும் மேலானவை என்று இன்னொரு சாரார் ஓடுகிறார்கள். இரண்டும் சரியல்ல. 1991-இல் மினசோட்டா முதல் சட்டத்தை இயற்றியது, 1992-இல் செயின்ட் பால் நகரில் முதல் சார்ட்டர் பள்ளி திறந்தது. அரசுப் பணத்தில், மாவட்டத்தின் அன்றாடக் கட்டுப்பாட்டுக்கு வெளியே, ஓர் ஒப்பந்தத்தின்படி நடப்பவை அவை. கட்டணம் வாங்கக் கூடாது. இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்தால் பொதுவாகக் குலுக்கல்தான், ஏற்கெனவே படிக்கும் பிள்ளையின் உடன்பிறந்தவர்களுக்குப் பெரும்பாலும் முன்னுரிமை உண்டு. தரத்தைப் பொறுத்தவரை அவற்றை ஒரே கூட்டமாகப் பேசவே முடியாது. ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், ஒத்த பின்னணி உள்ள மாவட்டப் பள்ளி மாணவர்களைவிடச் சார்ட்டர் மாணவர்கள் வாசிப்பில் 16 நாள் கற்றலுக்கும் கணிதத்தில் 6 நாள் கற்றலுக்கும் நிகரான அளவு சராசரியாக முன்னே இருந்தார்கள். அதே மையம் 2015-இல் முழுக்க இணையவழி நடக்கும் சார்ட்டர் பள்ளிகளை ஆராய்ந்தபோது, கணிதத்தில் 180 நாள் பின்னடைவைக் கண்டது. அது ஒரு முழுக் கல்வியாண்டுக்குச் சமம். வீட்டிலிருந்தே படிக்கலாம் என்ற விளம்பரத்தைப் பார்த்து மயங்கும் பெற்றோரிடம் இந்த எண்ணை நான் தவறாமல் சொல்கிறேன்.

அரிசோனாவில் 2022 முதல் எல்லா மாணவர்களுக்கும் திறந்துவிடப்பட்ட திட்டமும், டெக்சாஸ் 2025-இல் 100 கோடி டாலர் ஒதுக்கிச் சட்டமாக்கிய திட்டமும் தனியார் பள்ளிக்கோ வீட்டுக் கல்விக்கோ அரசுப் பணத்தைத் தருபவை. அவை வேறு விவாதம். ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: அந்தப் பணத்தோடு தனியார் பள்ளிக்குப் போகும் மாற்றுத்திறன் குழந்தைகள், பொதுப் பள்ளியில் கூட்டாட்சிச் சட்டம் தரும் உரிமைகளில் பலவற்றை இழக்கிறார்கள்.

இனி அந்த மதிப்பெண்ணுக்கு வருகிறேன். ஒரு பள்ளியின் சராசரித் தேர்வு முடிவு, அங்கே படிக்கும் பிள்ளைகளின் வீட்டு நிலையைத்தான் பெரிதும் காட்டுகிறது. பெற்றோர் இருவரும் பட்டதாரிகள், வீட்டில் நூல்கள், ஐந்து வயதுக்கு முன்பே எழுத்தறிவு என்று வரும் பிள்ளைகள் நிறைந்த பள்ளி, தானாக ஒன்றும் செய்யாமலே எட்டு வாங்கிவிடும். அந்தப் பள்ளி தன்னிடம் வந்த பிள்ளையை ஓர் ஆண்டில் எவ்வளவு தூரம் நகர்த்துகிறது என்பது வேறு கணக்கு. ஸ்டான்ஃபர்டைச் சேர்ந்த ஷான் ரியர்டன் நாடு முழுவதும் உள்ள மாவட்டங்களின் தேர்வு முடிவுகளை ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, சராசரி மதிப்பெண் குறைந்த சிக்காகோ மாவட்டத்தின் மாணவர்கள் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான ஐந்து ஆண்டுகளில் ஆறு ஆண்டுக் கற்றலை எட்டியிருந்தார்கள். வீடு தேடும் எத்தனை பேர் அந்த மாவட்டத்தின் சராசரியை மட்டும் பார்த்து முகம் சுளித்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். டெக்சாஸ் மாநிலக் கல்வித் துறை ஒவ்வொரு பள்ளிக்கும் தரும் தரநிலையில், மாணவர் சாதனை, பள்ளி முன்னேற்றம், இடைவெளி குறைப்பு என மூன்று பிரிவுகள் இருக்கின்றன. நான் இப்போது முதலில் திறப்பது இரண்டாவதை. மற்ற மாநிலங்களிலும் 2015-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி ஒவ்வொரு பள்ளிக்கும் அறிக்கை அட்டை வெளியிட வேண்டும். ஒரு மாணவருக்குச் செலவாகும் தொகையும் அதில் இருக்கும்.

எண்களுக்கு அப்பால், பள்ளிக்கு நேரில் போக வேண்டும். திறந்த நாள் நிகழ்ச்சியின் மேடையைப் பார்த்து முடிவு செய்வதைவிட, ஒரு சாதாரணப் புதன்கிழமை காலையில் அனுமதி பெற்று வகுப்பறையைப் பார்ப்பது நல்லது. கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை ஆசிரியர்கள் விலகினார்கள்? கணிதத்தில் பின்தங்கிய பிள்ளைக்கு எந்த வாரத்தில் என்ன உதவி தொடங்கும்? மதிய உணவின்போது தனியே உட்காரும் பிள்ளையை யாராவது கவனிக்கிறார்களா? நான் இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்டபோது, ஒரு பள்ளியின் துணை முதல்வர் பேச்சை மாற்றினார். இன்னொரு பள்ளியில் மாணவர் ஆலோசகர் என்னை உணவுக்கூடத்துக்கே அழைத்துப்போய்க் காட்டினார். என் மகள் இப்போது படிப்பது அந்த இரண்டாவது பள்ளியில்.

போக்குவரத்தைப் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். எல்லை தாண்டிய மாற்றலில் பள்ளிப் பேருந்து பெரும்பாலும் வராது. நாள்தோறும் இரு வேளை யார் காரோட்டுவது என்பதற்கு விடை தெரியாமல் விண்ணப்பிப்பது, நவம்பரில் பிள்ளையைத் திரும்பப் பழைய பள்ளிக்கே கொண்டுபோகும் நிலையில் முடியக்கூடும்.

விண்ணப்பத்தில் பெற்றோரே பல பள்ளிகளை விருப்பப்படி வரிசைப்படுத்திக் கொடுக்கும் நகரங்களில் இருப்பவர்களுக்கு: உண்மையான விருப்ப வரிசையையே கொடுங்கள். பொறியியல் கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் போட்டுப் பழகிய நமக்கு, கிடைக்காததை முதலில் போட்டால் கிடைப்பதும் போய்விடுமோ என்ற அச்சம் எளிதில் வருகிறது. பாஸ்டனின் பழைய முறையில் அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. அதனாலேயே அந்நகரம் 2005-இல் முறையை மாற்றியது. நியூயார்க்கில் உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கைக்குப் பொருளியலாளர்கள் ஆல்வின் ராத், அதிலா அப்துல்காதிரோகுலு, பராக் பதக் ஆகியோர் வடிவமைத்த முறை 2003-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் தங்கள் பட்டியலிலேயே இல்லாத பள்ளியில் தள்ளப்பட்ட மாணவர்கள் 30,000-க்கும் மேல். முதல் ஆண்டிலேயே அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 3,000 ஆகக் குறைந்தது. இத்தகைய முறையில் முதலிடத்தில் எட்டாத பள்ளியை எழுதுவதால் இரண்டாமிடத்துப் பள்ளியில் உங்கள் வாய்ப்பு குறையாது.

சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி என்ற கேள்வி வரும். தமிழ் என்று எழுதினால் பிள்ளையை ஆங்கிலம் கற்பவர் பிரிவில் போட்டுவிடுவார்கள் என்று பயந்து, ஆங்கிலம் என்று மட்டும் எழுதச் சொல்லும் அறிவுரை நம் வட்டாரங்களில் சுற்றுகிறது. அது எனக்கு மனவேதனை தருகிறது. தமிழ் என்று எழுதினால் ஒரு சிறு மதிப்பீட்டுத் தேர்வு நடக்கும். ஆங்கிலம் நன்கு வரும் பிள்ளை அதில் தேறிவிடும். தேறாத பிள்ளைக்கு அந்த உதவி தேவைப்படுகிறது. வேண்டாம் என்று எழுத்தில் மறுக்கும் உரிமையும் பெற்றோருக்கு உண்டு. விசா நிலையைக் குறித்தும் அஞ்ச வேண்டாம்: குடியேற்ற நிலையைக் காட்டிப் பொதுப் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது என்று டெக்சாஸின் டைலர் நகர வழக்கிலேயே 1982-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

இத்தனை வழிகளும் கார், நேரம், ஆங்கிலப் படிவத்தை நிரப்பும் தைரியம் ஆகிய மூன்றும் உள்ளவர்களுக்கே எளிதாகத் திறக்கின்றன. இரவுப் பணி செய்யும் தாய்க்கு ஜனவரிக் கெடு எட்டுவதில்லை. இந்த அநீதியைப் பள்ளி வாரியக் கூட்டத்தில் எழுந்து சொல்ல வேண்டிய கடமை வசதியுள்ள நமக்கு இருப்பதாக நினைக்கிறேன். கெடு நாளைப் பல மொழிகளில் குறுஞ்செய்தியாக அனுப்பவேண்டும் என்று சென்ற ஆண்டு எங்கள் மாவட்டக் கூட்டத்தில் மூன்று நிமிடம் பேசினேன். வாரிய உறுப்பினர் ஒருவர் குறித்துக்கொண்டார். இன்னும் நடைமுறைக்கு வரவில்லை, மறுபடியும் போகப் போகிறேன்.

தோழி ஒருவரின் மகனுக்குப் பேச்சு தாமதமாக வந்தது. குலுக்கலில் ஒரு சார்ட்டர் பள்ளியில் இடம் கிடைத்தபின், "இங்கே அதற்கான வசதி இல்லை, உங்கள் மாவட்டப் பள்ளியே நல்லது" என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். அவர் கண்கலங்கித் திரும்பிவிட்டார். சார்ட்டர் பள்ளிக்கும் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அதே கூட்டாட்சிச் சட்டம்தான் என்பது அவருக்குத் தெரியாது. நாங்கள் இருவரும் உட்கார்ந்து, மதிப்பீடு செய்யக் கோரி தேதியிட்ட ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். டெக்சாஸில் அத்தகைய எழுத்துக் கோரிக்கைக்கு 15 பள்ளி நாட்களுக்குள் பதில் தர வேண்டும். பெற்றோர் ஒப்புதல் தந்ததிலிருந்து பொதுவாக 45 பள்ளி நாட்களுக்குள் மதிப்பீட்டை முடிக்க வேண்டும். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. பையன் அதே பள்ளியில் இப்போது இரண்டாம் வகுப்புப் படிக்கிறான், வாரம் இரு முறை பேச்சுப் பயிற்சியாளர் அவனைத் தேடி வகுப்பறைக்கு வருகிறார்.