கேட்கச் சொன்னீர்கள், கேட்டாள்

பள்ளி விழாவில் கேள்வி கேட்ட சிறுமியின் காணொளியை நான் பகிரப் போவதில்லை. பிள்ளையின் முகம் தெரிகிறது. எப்படியும் எல்லோரும் பார்த்தாகிவிட்டது.

நவம்பர் 26, அரசியலமைப்பு நாள். முகவுரையை வரி பிசகாமல் வாசித்தார்கள், கைதட்டல் கிடைத்தது. "யாராவது கேள்வி கேளுங்கள்" என்றார் சிறப்பு விருந்தினர். ஏழாம் வகுப்புச் சிறுமி எழுந்தாள். "வாய்ப்பில் சமத்துவம் என்று வாசித்தோமே, பிறகு ஏன் ஃபீஸ் கட்டாதவர்களை வெளியே நிற்க வைக்கிறீர்கள்?" மைக் அவள் கையிலிருந்து பறிபோனது.

கேட்கச் சொன்னார்கள், கேட்டாள். இதில் என்ன குற்றம்?

அதிகப்பிரசங்கியாம் அவள், காணொளியின் கீழே எழுதுகிறார்கள். கேள்வி கேட்டே உருவான சட்டம் ஐயா அது! அரசியலமைப்பை உருவாக்கிய அரசியல் நிர்ணய சபையில் அதன் வரைவுக்கு வந்த திருத்தங்கள் 7,635. அவற்றில் 2,473 அவையிலேயே முன்மொழியப்பட்டு விவாதிக்கப்பட்டன. 1949 நவம்பர் 25 அன்று பேசிய அம்பேத்கர், தம்மைக் கேள்விகளால் குடைந்தெடுத்த காமத் போன்ற சபை உறுப்பினர்களைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். அந்தக் கலகக்காரர்கள் இல்லாவிட்டால் அவை சப்பென்று போயிருக்கும் என்றார். அவர் படத்துக்கு மாலை போட்ட கையோடுதான் இங்கே மைக்கைப் பிடுங்கினார்கள்.

நானும் வெளியே நின்றவன்தான். வராண்டாவில் நின்றால் ஆசிரியர் சொல்வது காதில் விழும், கரும்பலகை தெரியாது. கணக்குப் பாடத்தில் "இதை இங்கே கொண்டு வந்தால்" என்பார். எதை, எங்கே என்று எனக்கு எப்படித் தெரியும்? வழியில் போகிற சின்ன வகுப்புப் பையன்கள் பார்த்துக்கொண்டே போவார்கள். அப்பாவிடம் பணம் இல்லாததற்கு நான் நின்றேன்.

ஃபீஸ் வராமல் ஆசிரியர்களுக்கு எப்படிச் சம்பளம் கொடுப்பது என்கிறீர்கள். நியாயம்தான். அப்பாவைக் கூப்பிட்டுக் கேளுங்கள், தவணை கொடுங்கள். பிள்ளையை ஏன் நிறுத்துகிறீர்கள்? கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவு 17: எந்தக் குழந்தைக்கும் உடல்ரீதியான தண்டனையோ மனரீதியான துன்புறுத்தலோ கூடாது. தனியார் பள்ளிக்கும் சேர்த்துத்தான்.

"யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்" என்று ஒரு கண்டுபிடிப்பு. ஆமாம், சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு வாரம் ஒத்திகை பார்த்து முகவுரையைச் சொல்லிக்கொடுத்தது உங்கள் பள்ளிதானே? மனப்பாடம் செய்தால் போதும், பொருள் புரியக்கூடாது என்று முன்பே சொல்லியிருக்கலாம்.

ஒழுக்கம் பற்றிப் பாடம் எடுக்க வந்தவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. எடுங்கள். ஆனால் என்னோடு அதே வராண்டாவில் நின்றவன், பெயர் வேண்டாம், "வளர்ப்பு சரியில்லை" என்று எழுதியிருக்கிறான். அதற்கு எண்பத்தேழு விருப்பக்குறிகள். உன் அம்மா தோட்டை அடகு வைத்து ஃபீஸ் கட்டிய கதையை நீதானேடா என்னிடம் சொல்லி அழுதாய்? அவர்கள் வளர்ப்பும் சரியில்லையா?

இப்போது அந்தப் பிள்ளையின் பெற்றோரைப் பள்ளிக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம். மன்னிப்புக் கடிதம் கேட்டால் எழுதிக் கொடுக்காதீர்கள், அம்மா. பிரிவு 17-ஐ ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். கூட ஒரு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.