முதுகுக்குப் பின்னால் வந்து "லெஃப்ட்" என்று கத்தாதீர்கள்

மூன்று வாரமாக மனசுக்குள்ளேயே போட்டுப் புழுங்கிக்கொண்டிருந்தேன், இன்றைக்குக் கொட்டிவிடுகிறேன். அமெரிக்காவில், வடக்கு வர்ஜீனியாவில் இருக்கிற நம் தமிழ் ஆட்களில் பாதிப் பேருக்காவது டபிள்யூ அண்ட் ஓடி ட்ரெயில் தெரிந்திருக்கும். ஷர்லிங்டனில் ஆரம்பித்து பர்சல்வில் வரை 45 மைல், நம் கணக்கில் 72 கிலோமீட்டர், முழுக்கத் தார் போட்ட பாதை. காலையில் நடக்க, மாலையில் பிள்ளைகளுக்கு சைக்கிள் பழக்க, ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் கூட்டிப்போக என்று எங்கள் வாழ்க்கையில் பாதி அங்கேதான் கழிகிறது. அந்தப் பாதையில்தான் என் அப்பா கை முறிந்து விழுந்தார்.

அப்பாவுக்கு 71 வயது. மதுரைக்காரர், ரயில்வேயில் கூட்ஸ் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே வந்தால் அவருக்குப் பெரிதாகப் பொழுது போகாது, ஆனால் இந்தப் பாதை என்றால் மட்டும் உயிர். ஏனென்றால் இது ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம். 1860-லேயே லீஸ்பர்க் வரைக்கும் ரயில் போயிருக்கிறது. 1968-இல் ரயிலை நிறுத்தித் தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள், தடத்தில் பெரும்பகுதி மின்சார நிறுவனத்தின் கைக்குப் போனது. அதனால்தான் இன்றைக்கும் தலைக்கு மேலே உயர் அழுத்தக் கம்பிகள் ஓடுகின்றன, நிழலும் பல இடங்களில் கிடையாது. 1974-இல் ஃபால்ஸ் சர்ச்சில் ஒரு சின்னத் துண்டாகத் தொடங்கிய நடைபாதை 1988-இல்தான் பர்சல்வில் போய்ச் சேர்ந்தது. இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னபோது தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அதான் ஏத்தமே தெரியல, ரயில் ரோடுன்னா அப்படித்தாம்மா இருக்கும்" என்றார். மூட்டுவலிக்காரருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டுமா? எங்கள் குடியிருப்பைச் சுற்றி எங்கே போனாலும் மேடு பள்ளம், இங்கே மட்டும்தான் மூச்சு வாங்காமல் ஒரு மணி நேரம் நடக்க முடியும்.

ஹெர்ண்டனில் பழைய ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சிவப்புப் பெட்டி நிறுத்தி வைத்திருக்கிறார்கள், சரக்கு ரயிலின் வாலில் கோத்து வருமே, அது. முதல் முறை பார்த்ததும் அப்பா அப்படியே நின்றுவிட்டார். "இது பிரேக் வேன்மா, நான் உக்காந்து வந்த வண்டி" என்று சொல்லி அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அப்புறம் தினமும் அதுவரைக்கும் நடந்து போய்த் தொட்டுவிட்டு வருவதுதான் அவர் வழக்கம்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, காலை எட்டு மணி இருக்கும். நானும் அப்பாவும் முன்னும் பின்னுமாக, வலது ஓரமாகத்தான் நடந்துகொண்டிருந்தோம். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் யாரிடம் சொன்னாலும் முதல் கேள்வி "நடுவுல நடந்தீங்களா?" என்பதுதான். இல்லை. வலது ஓரம். பின்னாலிருந்து ஒரு கத்தல், "லெஃப்ட்!" அவ்வளவுதான், ஒரே ஒரு சொல். அப்பா என்ன செய்வார்? இடது பக்கம் நகர்ந்தார். ஐம்பது வருடமாக மதுரைத் தெருவில் யாராவது "லெஃப்ட், லெஃப்ட்" என்று கத்தினால் இடது பக்கம் ஒதுங்கு என்றுதான் அர்த்தம். பஸ் கண்டக்டர் சொன்னாலும் அதுதான், ஆட்டோக்காரர் சொன்னாலும் அதுதான். சைக்கிளின் கைப்பிடி முழங்கையில் இடித்தது, அப்பா ஓரத்துச் சரளைக் கல்லில் கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டில் எலும்பு விரிசல். ஆறு வாரம் கட்டு.

வரிசையாக ஆறு பேர் வந்தார்கள். இடித்த ஆள் விழவில்லை, ஒரு காலை ஊன்றி நின்று திரும்பிப் பார்த்து, "நான் லெஃப்ட்னு சொன்னேனே!" என்று கோபமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் அப்பா தரையில் கிடக்கிறார், அவர் சொல்கிற முதல் வார்த்தை அது. கடைசியாக வந்த ஒருவர் மட்டும் இறங்கி, தன் தண்ணீர்ப் புட்டியைக் கொடுத்து, நான் கணவரை போனில் கூப்பிடும்வரை கூடவே நின்றார். அவருக்கு நன்றி. மற்ற ஐந்து பேரை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நான் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு எதிரி இல்லை, நானும் ஓட்டுகிறவள்தான். ஞாயிறு காலை ஆஷ்பர்ன் பக்கம் அந்த டேட்டா சென்டர்களின் இரைச்சலைத் தாண்டி, கூஸ் க்ரீக் பாலம் வரைக்கும் போய்விட்டுத் திரும்புவேன். அதனால்தான் சொல்கிறேன், தாண்டும்போது சைக்கிள்காரர்கள் கத்துகிற இந்த "ஆன் யுவர் லெஃப்ட்" என்பது எச்சரிக்கையே இல்லை. மணிக்கு 20 மைல் வேகம் என்றால் ஒரு நொடிக்கு 29 அடி. முப்பது அடி தள்ளி வரும்போது கத்தினால், கேட்பவருக்குக் கிடைப்பது ஒரு நொடி சொச்சம். அந்த ஒரு நொடிக்குள் சத்தம் காதில் விழுந்து, அது நமக்குத்தான் என்று புரிந்து, ஆங்கிலம் மண்டைக்குள் தமிழாகி, "நான் இடது பக்கமாக வருகிறேன், நீ அசையாதே" என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று விளங்கி, அதன்படி உடம்பு நடக்க வேண்டும். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களே அந்தச் சொல்லைக் கேட்டதும் இடது பக்கம் துள்ளுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சின்னப் பிள்ளைகள் என்றால் கேட்கவே வேண்டாம், சத்தம் வந்த பக்கம்தான் திரும்பும். அந்த வேகத்தில் வருகிறவர் பிரேக் பிடித்து நிற்க ஐம்பது அடிக்கு மேல் வேண்டும். அதாவது, முப்பது அடியில் கத்துகிறவர் நிற்கிற உத்தேசத்தோடு கத்தவில்லை. நீ ஒதுங்கவில்லை என்றால் இடிப்பேன், ஆனால் சொல்லிவிட்டேன் என்ற கணக்கு. அதற்குப் பெயர் எச்சரிக்கையா?

ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "லெவல் கிராசிங் வர்றதுக்கு 600 மீட்டர் முன்னாடியே போர்டு வச்சிருப்போம்மா. அதைப் பார்த்த உடனே டிரைவர் விசில் அடிக்கணும், கேட் வர்ற வரைக்கும் விடக்கூடாது. இவன் முதுகுக்குப் பின்னாடி வந்து நின்னுக்கிட்டு கத்துறான்." ரயில் மாதிரி நினைத்தவுடன் நிறுத்த முடியாத வண்டிக்கே அந்தப் பொறுப்பு இருக்கிறது. நினைத்தால் நிற்கக்கூடிய சைக்கிளுக்கு இல்லையா?

"விதி தெரியாமல் ஏன் வருகிறீர்கள்?" என்று கேட்பவர்களுக்கு விதியையே சொல்கிறேன். வர்ஜீனியா சட்டப்படி இந்த மாதிரிப் பொதுப் பாதையில் சைக்கிளில் போகிறவர் நடப்பவருக்கு வழிவிட வேண்டும், தாண்டுவதற்கு முன்னால் காதில் விழும்படி ஒலி கொடுக்க வேண்டும். இரண்டும் சேர்த்து. சைக்கிள்காரர்கள் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு முதலாவதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். வழிவிடு என்றால் வேகத்தைக் குறை, தேவையென்றால் நில் என்று அர்த்தம். ஒருவரைத் தாண்டும்போது 20-லிருந்து 10-க்குக் குறைத்தால் எவ்வளவு நேரம் போகும்? நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒரு ஆளுக்கு நான்கைந்து நொடி. அந்த நான்கைந்து நொடிக்காகத்தான் என் அப்பா கட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

அதிலும் சனி ஞாயிறு காலையில் போனில் நேரம் குறித்துக்கொண்டு தன் பழைய சாதனையை முறியடிக்கப் போகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு இது பந்தயத் தடம் இல்லை என்பதை யார் சொல்வது? பல இடங்களில் பத்து அடிதான் அகலம். அதில் இரண்டு பக்கமும் ஆட்கள், ஸ்ட்ரோலர், நாய், பயிற்சிச் சக்கரம் மாட்டிய குழந்தை. சாதனை வேண்டுமென்றால் விடியற்காலையில் ஆள் இல்லாத நேரத்தில் லீஸ்பர்க்கைத் தாண்டிப் போய் ஓட்டுங்கள். மணி ஒன்று பத்து டாலர் இருக்குமா? மூவாயிரம் நாலாயிரம் டாலர் சைக்கிளில் அந்த மணி இல்லை, எடை கூடிவிடுமாம். ஊரில் என் தாத்தா வாடகை சைக்கிளில் போனபோது மணியும் இருந்தது, தெருமுனையிலிருந்தே அடித்துக்கொண்டு வரும் மரியாதையும் இருந்தது. இப்போது மின்சார சைக்கிள் வேறு, மிதிக்காமலேயே 20 மைலில் போகிற பதின்வயதுப் பையன்கள், சத்தமே கேட்காது. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

நம் ஆட்களையும் சும்மா விடப்போவதில்லை. மாலையில் ஐந்து பேர் தோளோடு தோள் சேர்ந்து பாதை முழுக்க அடைத்துக்கொண்டு, கிரீன் கார்டு கதை பேசிக்கொண்டு நடக்கிறோமே, அது தப்பு. பின்னால் மணி அடித்தால் இரண்டு பேர் இந்தப் பக்கமும் மூன்று பேர் அந்தப் பக்கமுமாகச் சிதறுகிறோமே, அது அதைவிட ஆபத்து. இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு சீரியல் கேட்பது, நாயின் கயிற்றைப் பாதைக்குக் குறுக்கே நீளவிடுவது, எல்லாம் தப்புத்தான். ஊரிலிருந்து பெரியவர்களைக் கூட்டி வந்தால் முதல் நாளே சொல்லிக்கொடுங்கள், "லெஃப்ட்"னு கத்தினா நகராதீங்க, அப்படியே வலது பக்கமா நேரா நடங்க என்று. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அது என் மனதை அறுக்கிறது. ஆனால் நடந்து போகிறவர் செய்யும் தப்புக்குத் தண்டனை எலும்பு முறிவாக இருக்கக்கூடாது. இடித்தால் யாருக்கு அடி என்று பாருங்கள், அப்போது யார் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பது தெரியும்.

இதற்கு வழி இல்லாமலும் இல்லை. ஃபால்ஸ் சர்ச்சில் ஒரு மைல் சொச்ச தூரத்துக்கு 2021-இல் பாதையைப் பிரித்துவிட்டார்கள். சைக்கிளுக்கு 11 அடி, நடப்பவர்களுக்கு 8 அடி, நடுவில் இரண்டு அடி இடைவெளி. அங்கே போய் ஒரு நாள் நடந்து பாருங்கள், முதுகு தானாகத் தளரும், பின்னால் என்ன வருகிறது என்ற பயமே இருக்காது. பெரும்பாலான இடத்தில் மொத்த நிலம் நூறு அடி அகலம் இருக்கிறது, நாம் நெருக்கியடிப்பது பத்து அடியில். ஹெர்ண்டன், ரெஸ்டன், வியன்னா மாதிரிக் கூட்டம் அதிகமான இடங்களிலாவது இதே மாதிரி பிரிக்கச் சொல்லி நாம் எத்தனை பேர் கவுண்ட்டிக் கூட்டத்தில் போய்க் கேட்டிருக்கிறோம்? நானும் இதுவரை போனதில்லை. அடுத்த கூட்டத்துக்குப் பேசுவதற்குப் பெயர் கொடுத்துவிட்டேன். கூட வருகிறவர்கள் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு டிசம்பரில் திரும்பிப் போக டிக்கெட். வலி குறைந்துவிட்டது, காலில் ஒன்றும் இல்லை, நன்றாகவே நடக்கிறார். ஆனால் ட்ரெயில் பக்கம் கூப்பிட்டால் வர மறுக்கிறார், வீட்டு முன்னால் கார் நிற்கிற இடத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார், அதிலும் இரண்டு தப்படிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறார். நேற்று சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டார், "ஊருக்குப் போறதுக்குள்ள அந்தப் பிரேக் வேனை ஒரு தடவை பாக்கணும்மா. கார்ல கூட்டிட்டுப் போறியா?"

எங்கள் வீட்டிலிருந்து அது ஒரு மைல்கூட இல்லை.