சுகர்ஸ் பையனைப் பிடித்தாயிற்று, அப்புறம்?

தென்னாப்பிரிக்காவில், நம் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டுக் குழாய் காணாமல் போனால் போதும், வாட்ஸ்அப் குழுவில் உடனே தீர்ப்பு வந்துவிடுகிறது: "சுகர்ஸ் பயதான், கையைக் காலை உடைச்சு விடுங்க." சுகர்ஸ் என்பது இங்கே பொட்டலமாக ஓடும் ஒரு போதைப்பொருள். பறிகொடுத்தவர்களின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. பித்தளைக் குழாயைப் பழைய இரும்புக் கடையில் போட்டால் அவனுக்கு ஒரு பொட்டலம். வீட்டுக்காரருக்கு விடிய விடியத் தண்ணீர் கொட்டி, மாசக் கடைசியில் மாநகராட்சி பில்.

போதைக்கும் குற்றத்துக்கும் தொடர்பு உண்டுதான். 1999, 2000இல் டர்பன், கேப் டவுன், ஜோகன்னஸ்பர்க்கில் கைதானவர்களின் சிறுநீரைப் பரிசோதித்தார்கள். சுமார் 45 சதவீதம் பேரிடம் ஏதோ ஒரு போதைப்பொருள் இருந்தது, பெரும்பாலும் கஞ்சாவும் மாண்ட்ராக்ஸ் என்ற மயக்க மாத்திரையும். ஆனால் கஞ்சாவின் தடயம் உடம்பில் நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் தங்கும். போன வாரம் புகைத்தவனும் அந்தக் கணக்கில் வந்துவிடுவான். போதைதான் திருடவைத்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

சுகர்ஸ் விஷயம் வேறு. மட்ட ரக ஹெராயினோடு கண்டதையும் கலந்த சரக்கு அது. கஞ்சாக்காரன் காசில்லாவிட்டால் படுத்துத் தூங்கிவிடுவான். இவனால் முடியாது. கடைசியாக இழுத்து அரை நாள் ஆவதற்குள் மூக்கு ஒழுகும், வயிறு முறுக்கும், எலும்பு குடையும். அதை அடக்கத்தான் குழாய், செம்புக் கம்பி, பெற்றவளின் வளையல் எல்லாம் போகிறது.

நம் சட்டப்படி கைதானவரை 48 மணி நேரத்துக்குள் கோர்ட்டில் நிறுத்த வேண்டும். நல்ல சட்டம். ஆனால் ஹெராயின் விடுபடும் வேதனை உச்சத்துக்குப் போவதும் இரண்டாம், மூன்றாம் நாளில்தான். பக்கத்து வீட்டு அக்காவுக்குத் துணையாகப் போனபோது பார்த்தேன். அவர் மகன் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே, மாஜிஸ்திரேட் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினான். எதற்குத் தலையாட்டுகிறோம் என்று அவனுக்குத் தெரிந்திருக்காது. "ஜாமீன் கட்டாதே, உள்ளே கிடந்தால் திருந்துவான்" என்று மாமாக்கள் சொல்லிவிட்டார்கள். சிகிச்சை இல்லாமல் உள்ளே கிடந்தால் யாரும் திருந்துவதில்லை. கொஞ்ச நாள் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. வெளியே வந்ததும் அதே அளவை இழுத்துச் செத்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

வழி இல்லாமல் இல்லை. 2020 ஊரடங்கில் டர்பன் தெருவோரத்தில் இருந்தவர்களைக் கூடாரங்களில் தங்கவைத்தபோது, ஹெராயின் பழக்கம் உள்ளவர்களுக்கு, விடுபடும் வேதனையை அடக்கும் மெத்தடோன் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் போதைப் பழக்கம் உள்ளவர்களுக்கு உதவும் பெல்ஹேவன் மையம். மருந்து கிடைத்தால் அன்றைய பொட்டலத்துக்காக அலைய வேண்டியதில்லை, அவ்வளவுதான் சங்கதி. தண்டிக்கும்போது சிறைக்குப் பதிலாகச் சிகிச்சை மையத்துக்கு அனுப்ப, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 296ஆம் பிரிவிலும் இடம் இருக்கிறது. நம் ஆட்களில் எத்தனை பேர் கோர்ட்டில் அதைக் கேட்டிருக்கிறோம்?

அடுத்த போலீஸ்–பொதுமக்கள் கூட்டத்தில் ராத்திரி ரோந்துக்கு ஆள் சேர்ப்பதற்கு முன்னால் இதைக் கேட்போம்: பிடித்த முதல் ராத்திரியே லாக்கப்புக்கு ஒரு நர்ஸ் வர வேண்டும், மருந்து தர வேண்டும். பிள்ளை உள்ளே இருக்கிறான், கோர்ட்டில் என்ன கேட்பதென்று தெரியவில்லை என்கிற அம்மாக்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், கூட வருகிறேன்.