கத்தரிக்கோலும் வைரமும்

நேற்று இரவு மறுபடியும் 'இட்' பார்த்தேன். 1927இல் வந்த அமெரிக்க மௌனப்படம். ஒன்றேகால் மணி நேரம்கூட ஓடாது. பெரிய கடையொன்றில் சாமான் விற்கும் பெண் பெட்டி லூ, முதலாளி வால்தமைப் பார்த்த மாத்திரத்தில் இவன்தான் என்று முடிவு கட்டிவிடுகிறாள். ஏழைப் பெண், பணக்கார மாப்பிள்ளை. நாம் பார்த்துச் சலித்த கதைதான்.

எனக்குப் பிடித்த இடம் வேறு. ரிட்ஸ் ஹோட்டலுக்கு விருந்துக்குப் போக வேண்டும். உடுத்த நல்லதாக ஒன்றுமில்லை. கடைக்குப் போட்டுப்போன உடையிலேயே கத்தரிக்கோல் விழுகிறது. கழுத்து இறங்குகிறது, வேலை உடுப்பு விருந்து உடுப்பாகிறது. அந்தச் சில நொடிகளில், பெட்டியாக நடித்த கிளாரா போவின் முகத்தில் வெட்கமே இல்லை, குறும்புதான். ப்ரூக்ளினில் வறுமையில் வளர்ந்து, 1921இல் ஒரு பத்திரிகைப் போட்டியில் வென்று சினிமாவுக்கு வந்தவர் அவர். இல்லாமையை நடித்துக்காட்ட அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

என் கோபமெல்லாம் வால்தம் மேல்தான். தோழியின் கைக்குழந்தையைப் பறித்துப்போக வந்தவர்களிடம் "இது என் குழந்தை" என்று பொய் சொல்கிறாள் பெட்டி. செய்தி அவன் காதுக்குப் போகிறது. வந்து ஒரு வார்த்தை கேட்டானா? வைரம் தருகிறேன், உடைகள் தருகிறேன் என்கிறான். கல்யாணப் பேச்சு மட்டும் இல்லை. கோனி ஐலண்ட் கேளிக்கைப் பூங்காவில் அவளோடு சறுக்கி விளையாடி, சிரித்துக் களைத்த அதே மனிதன்!

அந்தக் காலம் அப்படி என்பீர்கள். அதே 1927இல்தான் மேரி பிக்ஃபோர்ட் நாயகியாக நடித்த 'மை பெஸ்ட் கேர்ள்' வந்தது. அதில் முதலாளி மகன் பெயரை மாற்றிக்கொண்டு அப்பாவின் கடையிலேயே சரக்குத் தூக்குகிறான்; நாயகியோடு மரப்பெட்டிக்குள் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுகிறான். இவனை நம்பிப் பெண் கொடுக்கலாம். (அந்த ஜோடியாக நடித்தவர்கள் 1937இல் நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டார்கள்.)

பெட்டியும் சும்மா விடவில்லை. வால்தமின் உல்லாசப் படகில் வேறு பெயரில் ஏறி, அவன் வாயாலேயே "என்னைக் கல்யாணம் செய்துகொள்" என்று கேட்க வைக்கிறாள். கேட்டதும் அவன் முகத்துக்கு நேராகச் சிரிக்கிறாள். அதற்குப் பிறகும் படம் கொஞ்சம் ஓடுகிறது: படகு மோதுகிறது, ஆட்கள் தண்ணீரில் விழுகிறார்கள், அவனுக்கு மன்னிப்பும் கிடைத்துவிடுகிறது. நேற்று நான் அந்தச் சிரிப்போடு நிறுத்திவிட்டுத் தூங்கப் போனேன்.