கூட்டத் தலைவர் வாக்களிக்கக் கூடாதா? உண்மை விளக்கம்

சேலம், ஏற்காடு பகுதிக் குடியிருப்போர் சங்கங்களின் வாட்ஸ்அப் குழுக்களில், ‘எந்தக் கூட்டத்திலும் தலைவர், வாக்குகள் சமமானால் மட்டுமே வாக்களிக்கலாம் என்பது அரசியலமைப்புச் சட்டம், மீறினால் தீர்மானம் செல்லாது’ என்ற செய்தி பரவுகிறது. இது தவறு. அரசியலமைப்பின் 100, 189 ஆகிய பிரிவுகள் நாடாளுமன்ற, சட்டமன்ற அவைகளுக்குத் தலைமை வகிப்போரை மட்டுமே அவ்வாறு கட்டுப்படுத்துகின்றன.

1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான சங்கத்தில், தலைவரும் ஓர் உறுப்பினரே என்பதால், துணைவிதி (சங்கம் தன் நிர்வாகத்துக்கு வகுத்துக்கொண்ட விதி) தடுக்காதவரை அவர் மற்றவர்களைப் போலவே முதலிலேயே வாக்களிக்கலாம். ஆனால் சமநிலையை முறிக்கும் இரண்டாவது வாக்கு, துணைவிதி வெளிப்படையாக வழங்கினால்தான் உண்டு, இல்லையேல் தீர்மானம் நிறைவேறவில்லை என்றே பொருள். பலரும் கவனிக்கத் தவறுவது இந்தப் பிற்பகுதியைத்தான்.

ஐயமிருப்போர், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கலான தங்கள் சங்கத் துணைவிதிகளைப் பாருங்கள். நேர்மையாக எடுத்த முடிவுகளின் மீது வீண் சந்தேகத்தைக் கிளப்பும் இச்செய்தியைத் தயவுசெய்து மேலும் அனுப்பாதீர்கள்.