ஏழைகள் பட்டியலைத் தெருவில் வைத்து வாசியுங்கள்

மதுரையில் ஒரு ஏழைக் குடும்பம் எத்தனை வாசல் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். குழாய்த் தண்ணீர், சாக்கடை, பிள்ளையின் பள்ளிக்கூடம், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாம் மாநகராட்சி. முதியோர் பென்ஷனும் விதவைப் பென்ஷனும் தாலுகா ஆபீஸ். ரேஷன் கார்டுக்கு வட்ட வழங்கல் அலுவலகம். வீடு வேண்டுமென்றால் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். குழுக் கடன் என்றால் மகளிர் திட்டமும் வங்கியும். ஒவ்வொரு இடத்திலும் தனி மனு, தனி ஜெராக்ஸ், தனிப் பட்டியல். ஒரு பட்டியலில் இருக்கிற பெயர் இன்னொன்றில் இருக்காது.

உள்ளாட்சி அமைப்புகள் தொண்டு நிறுவனங்களோடும் வங்கிகளோடும் சேர்ந்து வறுமையை ஒழிக்க வேண்டும் என்று இப்போது எல்லாக் கூட்டத்திலும் பேசுகிறார்கள். ரொம்ப சரி. ஆனால் அரசு அலுவலகங்கள் முதலில் தங்களுக்குள் சேர வேண்டாமா?

நான் மாநகராட்சிப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என்னிடம் படித்த ஒரு பையனின் அம்மா, கணவரை இழந்தவர், வைகைக் கரையோரம் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார். வீட்டுக்காரர் கரண்ட் பில் நகல் தர மாட்டேன் என்றுவிட்டார். அது இல்லாமல் முகவரிச் சான்று இல்லை, முகவரி இல்லாமல் கார்டு இல்லை, கார்டு இல்லாமல் மற்ற எதுவும் இல்லை. அவர் போன அலுவலகத்தில் யாரும் அவரைத் திட்டவில்லை, லஞ்சமும் கேட்கவில்லை. "பேப்பர் சரியா இல்லைம்மா" என்று மட்டும் சொன்னார்கள். அந்தத் தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும், இந்தம்மாவுக்குத்தான் முதலில் கொடுக்கணும் என்று சொல்லியிருப்பார்கள். தெருவைக் கேட்பதற்கு அந்த ஏற்பாட்டில் இடமே இல்லை.

சேர்ந்து செய்தால் நடக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கியது. முதல் கட்டமாக மாநிலம் முழுக்க 1,545 பள்ளிகள், சுமார் 1.14 லட்சம் பிள்ளைகள். அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போய்விட்டது. காலையில் பிரேயரில் மயங்கி விழுந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்த ஆசிரியர்களைக் கேளுங்கள், ஒரு தட்டு பொங்கல் என்ன செய்யும் என்று சொல்வார்கள்.

இது ஏன் நடந்தது? யாருக்கு என்ன வேலை என்று தெளிவாக இருந்தது. பணம் மாநில அரசு, நகரத்தில் சமையல் கூடமும் வண்டியும் மாநகராட்சி, கிராமத்தில் சமைப்பது சுய உதவிக் குழுப் பெண்கள், பள்ளியில் பார்த்துக்கொள்வது தலைமை ஆசிரியர். அதைவிட முக்கியமாக, பட்டியலே கிடையாது. வகுப்பில் உட்கார்ந்திருக்கிற எல்லாப் பிள்ளைக்கும் சாப்பாடு. யார் ஏழை என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் அப்படி எல்லோருக்கும் கொடுத்துவிட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். வீடு, பென்ஷன், தொழில் கடன் என்று வரும்போது யாருக்கு முதலில் என்ற கேள்வி வந்தே தீரும். அந்தப் பட்டியலை யார் போடுகிறார்கள், எங்கே வைத்துப் போடுகிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

தமிழ்நாட்டு கிராமங்களில் இதற்கு ஒரு நல்ல வழி இருந்தது. உலக வங்கி உதவியோடு 2005-இல் வந்த புது வாழ்வு திட்டத்தில் 'மக்கள் நிலை ஆய்வு' என்று ஒன்று செய்தார்கள். ஊர்க்காரர்களே உட்கார்ந்து, எந்த வீடு மிகவும் ஏழை, எது ஏழை, எது நடுத்தரம் என்று பேசிப் பிரித்தார்கள். அந்தப் பட்டியலுக்கு கிராம சபை ஒப்புதல் கொடுக்க வேண்டும். பணத்தைக் கையாண்ட கிராம வறுமை ஒழிப்புச் சங்கத்தில் குழுப் பெண்களும் மாற்றுத்திறனாளிகளும் உறுப்பினர்களாக இருந்தார்கள்.

ஊர் கூடிப் பேசினால் சாதி பேசும் என்று ஒரு மறுப்பு வரும். நியாயமான பயம். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காகவே 1996 முதல் 2006 வரை தேர்தலை முறையாக நடத்த முடியவில்லை. அந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு, ஊர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அதனால்தான் அதிகாரியும் வேண்டும், வெளியிலிருந்து வரும் தொண்டு நிறுவனமும் வேண்டும், விடுபட்டவர் எழுத்தில் மேல்முறையீடு செய்ய வழியும் வேண்டும். மூடிய அறையில் போடும் பட்டியலில் மட்டும் சாதி இல்லையா? அங்கே அது கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இன்னொரு மறுப்பு: யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று மைக்கில் சொல்வதா? வேண்டாம். காரணத்தை வாசிக்க வேண்டாம், பெயரை மட்டும் வாசியுங்கள். இந்தத் தெருவில் இவர்களுக்குத்தான் கொடுக்கப் போகிறோம், விடுபட்டவர் யார் என்று கேளுங்கள்.

நகரத்துக்கு கிராம சபை இல்லையே என்றால், வார்டுக்குள் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் ஏரியா சபை இருக்கிறது. மாநகராட்சிகளில் வார்டு குழுவும் ஏரியா சபையும் அமைக்க 2022-இல் விதிகள் வந்தன. அந்த நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் முதல் கூட்டங்கள் நடந்தன. மதுரையில் 100 வார்டுகள். ஏரியா சபை என்றால் தெருவிளக்கு எரியவில்லை, குப்பை வண்டி வரவில்லை என்று மனு கொடுக்கிற இடம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். தெருவிளக்கும் வேண்டும்தான். ஆனால் பட்டியலைத் திருத்துவதற்கு இதைவிட நல்ல இடம் நகரத்தில் இல்லை.

சட்டமே ஏழைகளுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்த ஒரு இடமும் உண்டு. 2014-ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டப்படி, மாநகராட்சி ஆணையர் தலைமையில் அமையும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். மாசி வீதிகளில் பூக்கட்டி விற்கிற அக்கா ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறவருக்கு, எந்த இடத்தில் கடை போடலாம் என்று பேசும் கூட்டத்தில் இடம் இருக்கிறது. வீடு கொடுக்கிற இடத்திலும் பென்ஷன் கொடுக்கிற இடத்திலும் இப்படி ஏன் இருக்கக் கூடாது?

வீடு என்றதும் ராஜாக்கூர் நினைவுக்கு வருகிறது. நகரத்து ஏழைகளை அங்கே வாரியக் குடியிருப்புக்குக் கொண்டுபோனார்கள். கூரை கிடைத்தது. ஆனால் வேலையும் ஆஸ்பத்திரியும் நகரத்துக்குள், வீடு மாநகராட்சி எல்லைக்கு வெளியே. வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு பஸ் காசும் நேரமும் தலையில் விழுகிறது. இடம் தேர்ந்தெடுக்கும்போதே வாரியம், மாநகராட்சி, ஊராட்சி, போக்குவரத்துக் கழகம், இவர்களோடு அந்தப் பெண்களும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

தொண்டு நிறுவனங்கள் பற்றியும் சொல்ல வேண்டும். பெண்கள் சேர்ந்து சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்வதற்காகத் தொண்டு நிறுவனம் அமைத்த களஞ்சியம் குழுக்கள் 1990-இல் மதுரைப் பக்கத்தில் தொடங்கியவை. கூலி வேலை செய்துகொண்டிருந்த சின்னப்பிள்ளை அம்மா அதில் தலைவியாகி, பிரதமர் வாஜ்பாயே அவர் காலைத் தொட்டு வணங்கும் அளவுக்கு உயர்ந்தார், 2019-இல் பத்மஸ்ரீயும் பெற்றார். அவ்வளவுக்குப் பிறகும் சொல்லியிருந்தபடி வீடு வரவில்லை என்று அவரே வெளியில் சொல்ல வேண்டியிருந்தது. 2024-இல் மாநில அரசு வீடு கட்டித் தர உத்தரவிட்டது. ஊர் உலகத்துக்கே தெரிந்தவருக்கு இதுதான் நிலை என்றால், பெயர் தெரியாத பெண்ணின் நிலையை என்னவென்று சொல்வது? தொண்டு நிறுவனங்களும் தங்கள் வரவு செலவை, யாருக்கு உதவினோம் என்பதை, அதே ஏரியா சபையில் வைக்கட்டும். மக்களுக்குப் பதில் சொல்கிற கடமை மாநகராட்சிக்கு மட்டுமா?

எங்கள் வார்டில் அடுத்த ஏரியா சபை கூடும்போது இரண்டு கோரிக்கை எழுதிக் கொடுக்கப் போகிறேன். பென்ஷன், வீடு, கடன் மூன்றுக்கும் எங்கள் தெருப் பயனாளிகள் பெயர்களை அங்கேயே வாசிக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவருக்கு கரண்ட் பில் இல்லாவிட்டால், பக்கத்து வீட்டார் கையெழுத்தை முகவரிச் சான்றாக ஏற்கும்படி சபை தீர்மானம் போட்டு கலெக்டருக்கு அனுப்ப வேண்டும். செல்லூர், ஆரப்பாளையம், வில்லாபுரம், அவனியாபுரம் பக்கம் இருப்பவர்கள் உங்கள் வார்டிலும் கொடுங்கள். மனு நகல் வேண்டுமென்றால் கமெண்டில் கேளுங்கள், அனுப்புகிறேன்.